ஒட்டுத் தெரியும் சரித்திரம்

1967-ல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதை வாங்கிய படத்தில் காட்டப்பட்ட எதுவுமே நடந்ததில்லை. படத்தின் பெயர் 'தி வார் கேம்'. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று காட்டுகிற படம். பிபிசிக்காக 1965-ல் எடுத்தது. எடுத்து முடித்ததைப் பார்த்து மிரண்டுபோன பிபிசி, 1985 வரைக்கும் அதைத் தொலைக்காட்சியில் போடவே இல்லை. குண்டு விழவில்லை, ஊர் எரியவில்லை, ஒருவரும் சாகவில்லை. ஆனாலும் ஆவணப்படம் என்று விருது கொடுத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டால் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். நடக்காததைக் காட்டினால் அது சினிமாதானே, இதில் ஆவணம் எங்கே இருக்கிறது? நியாயமான கேள்வி. ஒரே வரியில் பதில் சொல்லவும் முடியாது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வழியில் பாரிஸ் வரும், கடைசியில் யாஃபாவும் வரும்.

அந்தப் படத்தை எடுத்தவர் பீட்டர் வாட்கின்ஸ் என்கிற ஆங்கிலேயர். அதற்கு முந்தைய வருஷமே 'குலோடன்' என்று ஒன்று எடுத்திருந்தார். ஸ்காட்லாந்தில் 1746-ல் நடந்த போரை, அன்றைக்கே ஒரு டிவி குழு கேமராவோடு அங்கே போய் நின்றிருந்தால் எப்படிப் படம் பிடித்திருக்குமோ அப்படி எடுத்தார். சாகப்போகிற சிப்பாயிடம் மைக்கை நீட்டுகிறார்கள். உனக்கு என்ன கூலி, யாருக்காகச் சண்டை போடுகிறாய், கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்கிறார்கள். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை, சாதாரண ஊர்க்காரர்கள்.

ஊக ஆவணப்படம் என்று சொல்கிறோமே, அதன் வித்து இதுதான். கேலிக்காக ஆவணப்படம் மாதிரி எடுக்கிற வகை ஒன்று உண்டு, அது வேறு. தலைவர்களின் வாழ்க்கையை நடிகர்களை வைத்து எடுக்கிற வகையும் வேறு. அங்கே நடிகர் தன்னை மறைத்துக்கொண்டு, 'நான்தான் அவர்' என்று நம்பவைக்கப் பார்ப்பார். ஊக ஆவணப்படம் கிடைத்த சான்றை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, கிடைக்காத இடத்தை ஊகத்தால் நிரப்புகிறது. நிரப்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். முழுப் பேச்சும் அதைச் சுற்றித்தான்.

சரி, பாரிஸுக்குப் போவோம்.

1870-ல் பிரஷ்யாவோடு போருக்குப் போன பிரான்ஸ் சில வாரங்களிலேயே படுதோல்வி கண்டது. பேரரசர் மூன்றாம் நெப்போலியனே எதிரியிடம் சிறைபட்டார். பாரிஸ் நகரம் மட்டும் பணியவில்லை. செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை முற்றுகை. ஜனங்கள் குதிரையைத் தின்றார்கள், பூனையைத் தின்றார்கள், எலியையும் விடவில்லை. காட்சிசாலையில் இருந்த காஸ்டர், போலக்ஸ் என்ற இரண்டு யானைகளும் கறிக்கடைக்குப் போயின. அத்தனையும் பட்ட பிறகு அரசாங்கம் சமாதானம் பேசிக்கொண்டபோது, பாரிஸ் தொழிலாளிகளுக்கு வயிறு எரிந்தது.

நகரத்தைக் காக்க ஊரார் சந்தா போட்டு வார்த்த பீரங்கிகளும் மோன்மார்த்ர் குன்றில் நின்றன. 1871 மார்ச் 18 அன்று விடிவதற்கு முன்பே அவற்றைக் கைப்பற்ற தியேர் தலைமையிலான அரசு ராணுவத்தை அனுப்பியது. வீரர்கள் வந்துவிட்டார்கள், பீரங்கியை இழுத்துப்போக வேண்டிய குதிரைகள் வந்து சேரவில்லை. அரசாங்கக் காரியம் எங்கும் ஒன்றுதான்போல. அதற்குள் பொழுது விடிந்துவிட்டது. குன்றுவாசிகள், முக்கியமாகப் பெண்கள், திரண்டு வந்து சிப்பாய்களைச் சூழ்ந்துகொண்டார்கள். சுடச் சொன்னார் ஜெனரல் லெகோம்த். சிப்பாய்கள் சுடவில்லை. அன்று மாலையே அவரும் இன்னொரு ஜெனரலான கிளெமான் தோமாவும் கொல்லப்பட்டார்கள். தியேர் தன் அரசாங்கத்தோடு வெர்சாய்க்கு ஓடினார். 26-ஆம் தேதி தேர்தல், 28-ஆம் தேதி பாரிஸ் கம்யூன் என்று அறிவிப்பு.

72 நாள் ஆட்சி. அதற்குள் ரொட்டி அடுமனைகளில் இரவு வேலையைத் தடை செய்தார்கள், முற்றுகைக் கால வீட்டு வாடகையைத் தள்ளுபடி செய்தார்கள், தேவாலயத்தையும் அரசையும் பிரித்தார்கள். மே 21 அன்று வெர்சாய் ராணுவம் நகருக்குள் புகுந்தது. 28-ஆம் தேதி வரை நடந்ததை இரத்த வாரம் என்கிறார்கள். பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் 147 பேரைச் சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது, ஒவ்வொரு மே மாதமும் அங்கே ஊர்வலம் போகிறார்கள். மொத்தம் எத்தனை பேர் செத்தார்கள்? ரொம்ப காலம் 20,000 என்றுதான் எழுதிவந்தார்கள். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ராபர்ட் டூம்ஸ் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து ஆறாயிரத்திலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறுக்குள்தான் வரும் என்றார். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 150 வருஷம் தாண்டியும் பிணக் கணக்கிலேயே சண்டை என்றால், மற்ற கணக்குகளைச் சொல்ல வேண்டியதில்லை.

பாரிஸுக்குச் சுற்றுலா போகிறவர்கள் எல்லோரும் மோன்மார்த்ர் குன்றில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேலே வெள்ளை வெளேரென்று நிற்கிறது சாக்ரே கேர் தேவாலயம். பிரான்ஸின் பாவங்களுக்குப் பிராயச்சித்தமாகக் கட்டியது. கம்யூனை அடக்கிய வெற்றிச் சின்னம் அது என்று ஒரு சாரார் சொல்வார்கள். அந்த வேண்டுதலே கம்யூனுக்கு முந்தியது, போர்த் தோல்விக்காக நேர்ந்துகொண்டது என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. நேர்ந்துகொண்டது முன்னால்தான், ஆனால் அந்த இடத்தில் கட்ட நாடாளுமன்றம் சட்டம் போட்டது 1873-ல். அடிவாரத்தில் இருக்கிற பூங்காவுக்கு 2004-ல் லூயிஸ் மிஷேல் பெயரை வைத்தார்கள். அவர் மோன்மார்த்ரில் பள்ளி ஆசிரியை, கம்யூனுக்காகத் துப்பாக்கி ஏந்தியவர், நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். மேலே கோயில் ஒரு கதை சொல்கிறது, கீழே பூங்கா இன்னொரு கதை சொல்கிறது. செல்ஃபி எடுப்பவர்களுக்கு இரண்டும் ஒரே பின்னணிதான்.

இப்படி ஒரு நகரத்தின் கதையைச் சொல்லச் சான்றுக்கு எங்கே போவது? அங்கேதான் சிக்கல். இரத்த வாரத்தில் நகர மண்டபம் எரிந்தது, நீதி மாளிகையின் பெரும்பகுதி எரிந்தது. பாரிஸ்காரர்களின் 1860-க்கு முந்தைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளில் ஒரு படி முதல் கட்டடத்தில் இருந்தது, பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்துவைத்த இன்னொரு படி இரண்டாவது கட்டடத்தில் இருந்தது. இரண்டுமே போய்விட்டன. அவற்றை, குடும்பங்கள் வைத்திருந்த நகல்களையும் தேவாலயப் பேரேடுகளையும் வைத்து மீண்டும் எழுதிச் சேர்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. கம்யூனில் கலந்துகொண்டவர்களைப் பற்றி மிஞ்சியிருக்கும் காகிதங்களிலும் பெரும்பகுதி ராணுவ நீதிமன்றக் கோப்புகள். 36,000-க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள் இல்லையா, அவர்களை விசாரித்த அதிகாரி என்ன கேட்டாரோ அதற்கு அவர்கள் சொன்ன பதில்தான் இன்று சரித்திரம். ஒரு சலவைத் தொழிலாளிப் பெண், உயிருக்குப் பயந்து, சீருடைக்காரன் முன்னால் நின்று சொன்னது. அவளே தன் தெருவில் நின்று பேசியிருந்தால் என்ன பேசியிருப்பாள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.

போட்டோக்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

யூஜீன் அப்பேர் என்று ஒரு போட்டோகிராபர். வெர்சாய் தரப்புக்கு வேண்டியவர், கைதிகளைச் சிறைக்குள்ளேயே போய்ப் படம் பிடிக்க அவருக்கு அனுமதி இருந்தது. லூயிஸ் மிஷேலையும் அவர் படம் பிடித்திருக்கிறார். கம்யூன் அடங்கிய பிறகு 'கம்யூனின் குற்றங்கள்' என்ற பெயரில் ஒரு படவரிசை வெளியிட்டார். அதில் ஒன்று, மார்ச் 18 அன்று இரண்டு ஜெனரல்களும் கொல்லப்பட்ட காட்சி. தோட்டத்துச் சுவர், குறிபார்த்த துப்பாக்கிகளோடு ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும் ஆட்கள். கண்ணால் கண்ட சாட்சி மாதிரி இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அங்கே கேமராவே இல்லை. அப்பேர் செய்தது இவ்வளவுதான்: கூலிக்கு ஆள் பிடித்தார், வேஷம் கட்டினார், நிற்க வைத்துப் படம் எடுத்தார். பிறகு, தான் சிறையில் எடுத்துவைத்திருந்த கைதிகளின் தலைகளைக் கத்தரித்து, அந்த உடம்புகளின் மேல் ஒட்டினார். ஒட்டியதை மறுபடி படம் எடுத்து அச்சுப் போட்டு விற்றார்.

கூர்ந்து பார்த்தால் சில படங்களில் தலைக்கும் உடம்புக்கும் அளவு சரியாக இல்லை, வெளிச்சம் ஒரு பக்கம் முகத்திலும் மறுபக்கம் தோளிலும் விழுகிறது. ஆனால் 1871-ல் யார் கூர்ந்து பார்த்தார்கள்? போட்டோ என்றாலே நிஜம் என்று நம்பிய காலம். உண்மையில் அந்தக் கொலைகள், கோபம் தலைக்கேறிய கூட்டம் தாறுமாறாகச் சுட்டு நடந்தவை. அப்பேரின் படத்தில் அதுவே ஒழுங்கான மரணதண்டனை ஆகிவிட்டது. ஆத்திரத்தில் செய்தது, உத்தரவு போட்டுச் செய்ததாக மாறிவிட்டது. சின்ன மாற்றம்தான், ஆனால் சட்டத்தின் கண்ணில் பெரிய மாற்றம்.

எதிர்ப்பக்கமும் கேமரா இல்லாமல் இல்லை. ப்ருனோ பிராக்கே என்று காது கேளாத போட்டோகிராபர் ஒருவர் கம்யூன் நாட்களில் தெருத்தெருவாகப் படம் எடுத்தார். மே 16-ல் வாந்தோம் சதுக்கத்து நெப்போலியன் தூணைச் சாய்த்தார்களே, விழுந்த சிலையைச் சுற்றி நின்று தேசியக் காவல்படைக்காரர்கள் பெருமையாகக் கொடுத்த போஸ்களை அவர் படங்களில் பார்க்கலாம். கல்யாண வீட்டுக் குரூப் போட்டோ மாதிரி இருக்கும் முகங்கள். பின்னால் போலீஸ் ஆளை அடையாளம் காண இப்படிப்பட்ட போட்டோக்களையும் பயன்படுத்தியது. நிஜமான படம் ஆளைக் காட்டிக்கொடுத்தது, பொய்யான படம் பழியைப் போட்டது. இரண்டுமே ஒரு பக்கத்துக்குத்தான் உதவின. (தூணைச் சாய்த்ததற்கான செலவை ஓவியர் குர்பே தலையில் கட்டினார்கள். 3,23,091 பிராங்க். அவர் ஸ்விட்சர்லாந்துக்குப் போய், முதல் தவணை கட்டுவதற்குள் செத்துப்போனார்.)

ஆக, ஊகம் பாரிஸ் சரித்திரத்துக்குள் புதிதாக நுழைந்த சமாச்சாரம் இல்லை. ஜெயித்தவர்கள் முதல் வருஷத்திலேயே கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து அதைச் செய்துவிட்டார்கள். ஒட்டுத் தெரியாமல் செய்தார்கள், அதுதான் விஷயம்.

128 வருஷம் கழித்து, 1999 ஜூலையில், வாட்கின்ஸ் அதே நகரத்தின் கதையை எடுத்தார். 'லா கம்யூன் (பாரிஸ், 1871)'. கறுப்பு வெள்ளை, 345 நிமிடம். பாரிஸுக்குக் கிழக்கே மோந்த்ருய் என்ற ஊரில், கைவிடப்பட்ட ஒரு தொழிற்சாலைக்குள், பதினோராம் வட்டாரத்துத் தெருக்களை செட் போட்டார்கள். படப்பிடிப்பு 13 நாள்தான். தயாரிப்பில் ஆர்ட்டே தொலைக்காட்சியோடு ஓர்சே அருங்காட்சியகமும் சேர்ந்துகொண்டது. அந்த அருங்காட்சியகம் 2000-ல் கம்யூன் காலத்துப் போட்டோக்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. மேலே சொன்ன கத்தரிக்கோல் விவகாரத்தை அருங்காட்சியகத்தார் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு சங்கதி, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில்தான் முன்பு ஜார்ஜ் மெலியேயின் ஸ்டூடியோ இருந்தது. சினிமாவில் நிலாவுக்கு ஆள் அனுப்பிய அதே மெலியே. அவர் 1902-ல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவை, விழா நடப்பதற்கு முன்பே, மோந்த்ருயில் எடுத்துவிட்டார். ராஜாவாக நடித்தவர் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். அப்புறம் பார்த்தால் நிஜ ராஜாவுக்குக் குடல்வால் அழற்சி வந்து விழாவே ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. படம் தயாராகக் காத்திருந்தது, நிகழ்ச்சிதான் தாமதம்.

வாட்கின்ஸின் படத்துக்கு வருவோம். 1871 பாரிஸில் டிவி இருக்கிறது! வெர்சாய் டிவி அரசாங்கச் செய்தி வாசிக்கிறது: கோட்டு சூட்டு, அமைதியான குரல், ஸ்டூடியோவில் நிபுணர்கள். கம்யூன் டிவி என்று போட்டியாக இன்னொன்று, அதன் நிருபர்கள் ஆணும் பெண்ணுமாக இருவர், மைக்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் அலைகிறார்கள். ரொட்டி சுடுகிறவனைக் கேட்கிறார்கள், பெண்கள் சங்கக் கூட்டத்துக்குள் போகிறார்கள், தடுப்பரண் கட்டுகிறவர்களைக் கேட்கிறார்கள். போகப்போக அந்த இரண்டு நிருபர்களுக்கு இடையிலேயே, நம் பக்கத்துக் குறைகளை எவ்வளவு சொல்லலாம் என்று உரசல் வருகிறது. கம்யூன் டிவி என்றால் மட்டும் யோக்கியம் என்று படம் சொல்லவில்லை.

படம் தொடங்குவதே எப்படித் தெரியுமா? அந்த நிருபர் வேஷக்காரர்கள் இருவரும் கேமராவைப் பார்த்து, என் பெயர் இன்னது, நான் இந்தப் படத்தில் இன்னாராக நடிக்கிறேன் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். கேமரா வெறிச்சோடிய செட்டுக்குள் நடக்கிறது. கடைசிக் காட்சி எடுத்து முடித்த பிறகு எடுத்தது. கழற்றிப் போட்ட துணிகள், கீழே கிடக்கிற துப்பாக்கிகள். கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று கட்டியங்காரனிடம் தான் யார் என்று சொல்லிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி ஒன்றும் அந்நியமாக இருக்காது. இவர் துரியோதனன் இல்லை, பக்கத்து ஊர் வாத்தியார் என்று தெரிந்துகொண்டேதான் நாம் விடியவிடிய உட்கார்ந்து பார்க்கிறோம்.

நடித்தவர்கள் 220 பேருக்கு மேல். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு முன் நடித்ததே இல்லை. சிலர் அல்ஜீரியாவிலிருந்தும் துனிசியாவிலிருந்தும் வந்து உரிய ஆவணம் இல்லாமல் பாரிஸில் வாழ்ந்தவர்கள். கம்யூனை எதிர்க்கிற மேல்தட்டுப் பாத்திரங்களுக்கு, நிஜமாகவே பழமைவாதக் கருத்துள்ளவர்கள் வேண்டும் என்று 'லெ ஃபிகாரோ' பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார் வாட்கின்ஸ். ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தைத் தானே ஆராய்ந்து வர வேண்டும். எந்தத் தெரு, என்ன வேலை, என்ன கூலி, மார்ச் 18 அன்று எங்கே இருந்தான், மே மாதம் என்ன ஆனான். வசனத்தின் பெரும்பகுதியை அவர்களே கலந்து பேசி உருவாக்கினார்கள். காட்சிகளை நடந்த வரிசையிலேயே எடுத்தார்கள், பத்து நிமிடம் வரைக்கும் வெட்டாமல் ஓடுகிற ஷாட்கள் உண்டு. டிவிக்காரர்கள் எல்லா விஷயத்தையும் ஒரே வேகத்தில் கொத்திக் கொத்திக் காட்டுகிறார்கள் என்பது வாட்கின்ஸின் தீராத கோபம். அதற்கு மோனோஃபார்ம் என்று பெயரே வைத்திருந்தார்.

சலவைத் தொழிலாளிப் பெண் என்ன பேசியிருப்பாள் என்று கேட்டோமே, அதற்கு இந்தப் படம் தருகிற பதில் ஒரு பாரிஸ் பெண், தானே ஆராய்ந்து படித்துவிட்டு, அவளாக நின்று யோசித்துப் பேசிய பேச்சு. அது சான்று ஆகாது. கோர்ட்டில் நிற்காது. ஆனால் கோப்பில் எழுதியிருப்பது மட்டுமே அவள் இல்லை என்பதை நமக்கு உறைக்க வைக்கிறது. அதற்கு மேல் இந்த வகைப் படத்திடம் எதிர்பார்க்கவும் கூடாது.

நடுநடுவே வேஷம் கட்டியவர்கள் வேஷத்தைக் கழற்றாமலே 1999-க்கு வந்துவிடுகிறார்கள். தடுப்பரணில் நிற்கிறவர்களிடம் கேட்கிறார்கள்: இன்றைக்கு இப்படி ஒரு நிலை வந்தால் நீங்கள் நிற்பீர்களா? ஒருவர் நிற்பேன் என்கிறார், இன்னொருவர் தயங்குகிறார். ஆவணமில்லாத குடியேறிகளைப் பற்றிப் பேச்சு போகிறது, பெண்களின் வேலையைப் பற்றிப் போகிறது. எனக்கு இந்தப் பகுதிகளில் ஒரு புகார் உண்டு. பிற்பாதியில் 1999 கொஞ்சம் அதிகமாகவே மைக்கைப் பிடித்துக்கொள்கிறது, 1871 ஓரமாக நின்று காத்திருக்கிறது. வெர்சாய் டிவி நல்ல நையாண்டி, ஆனால் நையாண்டியாக மட்டுமே இருக்கிறது. மே 24-ல் பிணைக்கைதியாக இருந்த பேராயர் தார்புவாவை கம்யூன் தரப்பினர் சுட்டுக் கொன்றார்கள். எதிர்த்தரப்பு நினைவில் இன்றும் ஆறாத புண் அது. அந்தத் துக்கத்துக்கு ஐந்தே முக்கால் மணி நேரப் படத்தில் இன்னும் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். வாட்கின்ஸ் நடுநிலை என்று சொல்லிக்கொள்ளவில்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அப்பேரையும் வாட்கின்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் ஆள் பிடித்தார்கள், வேஷம் கட்டினார்கள், நடக்காததைப் படம் எடுத்தார்கள். அப்பேரின் பொய் சின்னது, நம்பும்படியானது: ஒரு தலையை இங்கிருந்து எடுத்து அங்கே வைத்தார். வாட்கின்ஸின் பொய் மகா பெரியது: 1871-ல் டிவி. அதை உலகத்தில் ஒரு குழந்தைகூட நம்பாது. நம்பாது என்பதுதான் அதன் நேர்மை. மைக் திரையில் வரும்போதெல்லாம் 'இது கட்டியது, இது கட்டியது' என்று படம் நமக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறது. சரித்திரத்தில் ஆபத்தானது பார்த்தவுடனே தெரிகிற பெரிய புளுகு இல்லை. சட்டைப் பொத்தான் முதல் சரியாக இருக்கிற சின்னப் புளுகுதான் ஆபத்து. இன்றைக்கு செயற்கை நுண்ணறிவை வைத்து 1871 பாரிஸை வண்ணத்தில் ஒரு சாயங்காலத்தில் தயாரித்துவிடலாம். அப்பேருக்குப் பசை காய்வதற்காவது காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊகம் என்றால் சேர்ப்பது மட்டும்தானா என்றால், இல்லை. எடுத்துவிடுவதாலும் செய்யலாம். அதற்குத்தான் யாஃபா.

மத்தியதரைக் கடலோரத்துத் துறைமுகம், ஆரஞ்சுக்குப் பேர்போன ஊர். 1948-ல் சுமார் 70,000 அரபு மக்கள் வாழ்ந்த இடம். அந்த மே மாதம் யூதப் படைகளிடம் ஊர் வீழ்ந்தபோது மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். அவர்களையும் அஜமி என்கிற பேட்டைக்குள் ஒதுக்கினார்கள். 1950-ல் யாஃபாவை டெல் அவிவோடு இணைத்தார்கள். பிறகு வருஷக்கணக்கில் அங்கே சினிமா எடுத்தார்கள். இடிந்துகொண்டிருந்த வீடுகளும் வளைந்து போகும் சந்துகளும் படப்பிடிப்புக்குத் தோதாக இருந்தன. 1986-ல் சக் நோரிஸ் நடித்த 'தி டெல்டா ஃபோர்ஸ்' படத்தில் யாஃபாதான் பெய்ரூத்தாக வேஷம் போட்டது. ஊர்க்காரர்கள் பார்க்க, அவர்கள் ஊர் இன்னொரு ஊராகி வெடித்தது.

கமால் அல்ஜஃபரி பாலஸ்தீன இயக்குநர், ரம்லாவில் பிறந்தவர், குடும்பம் யாஃபா. தன் ஊரின் பழைய தோற்றத்தைப் பார்க்க அவருக்கு வேறு காப்பகம் இல்லை, இந்த வணிகப் படங்கள்தான் காப்பகம். 1960 முதல் 1990-கள் வரை அங்கே எடுத்த இஸ்ரேலிய, அமெரிக்கக் கதைப்படங்களைச் சேகரித்தார். பிரேம் பிரேமாக உட்கார்ந்து, முன்னால் நிற்கிற கதாநாயகர்களைக் கம்ப்யூட்டரில் அழித்தார். பின்னணியில் எதேச்சையாகப் போய்க்கொண்டிருந்தவர்களை வைத்துக்கொண்டார். 2015-ல் வந்த 'ரிகலெக்‌ஷன்' அப்படிப் பிறந்தது. ஜன்னலில் எட்டிப் பார்க்கிற ஒருவர், சுவரோரமாக நடந்து போகிற ஒருவர், கேமராவைப் பார்த்து நின்றுவிட்ட சிறுவர்கள். பிக்சல் உதிர்கிற அளவுக்கு அவர்களைப் பெரிதாக்குகிறார். அப்படித் தேடும்போது ஒரு படத்தின் பின்னணியில் தன் சொந்த உறவினர் ஒருவரையே கண்டுபிடித்தார். விவரிப்புக் குரல் கிடையாது. திரும்பி வந்த ஒருவர் தெருத்தெருவாக நடந்து பார்ப்பதுபோல் படம் அலைகிறது.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்று கேட்கலாம். அப்பேர் தலையை வெட்டி ஒட்டினார், இவர் ஆளையே வெட்டி எறிகிறார், இது மட்டும் எப்படிச் சரி? நானும் யோசித்துப் பார்த்தேன். வெட்டுப்பட்ட இடத்தை இவர் ஒளிக்கவில்லை. மூலப்படங்கள் எல்லாம் ஏற்கெனவே திரைக்கு வந்தவை, ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தவை. நாயகன் நின்ற இடம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும், தெரிய வேண்டும் என்றுதான் படமே எடுத்தார். நாயகனைத் தேடுகிற பழக்கத்தில் நம் கண் அந்தக் காலியிடத்துக்குப் போய், ஏமாந்து, சுவருக்கும் ஜன்னலுக்கும் திரும்புகிறது. எனக்கு இதுவே வாட்கின்ஸ் படத்தைவிட நுட்பமான வேலையாகப் படுகிறது. ஆனால் யாஃபாவின் கதை தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால் அரை மணியில் எழுந்து போய்விடுவார். வாட்கின்ஸ் படம் அப்படி இல்லை, கம்யூன் என்ற வார்த்தையையே கேள்விப்படாதவருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும். அதனால் முதலில் பாரிஸைப் பார்த்துவிட்டு யாஃபாவுக்குப் போவது நல்லது.

பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை. ஆர்ட்டே 2000-ல் அந்த 345 நிமிடத்தையும் ஒரே இரவில், பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிகாலை வரை போட்டது. பார்க்க வேண்டாம் என்று சொல்லாமல் சொல்வது அப்படித்தான். 2007-ல் திரையரங்குக்காக மூன்றரை மணி நேரப் பதிப்பு ஒன்று வந்தது. நான் நீளமானதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன், இரண்டு இரவாகப் பிரித்து. முதல் இரவைத் தேர்தல் முடிந்து கம்யூன் அறிவிக்கப்பட்ட பிறகு எங்காவது நிறுத்திக்கொள்ளலாம். பக்கத்தில் பாரிஸ் வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டால், மோன்மார்த்ர் எங்கே, பதினோராம் வட்டாரம் எங்கே, ராணுவம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொரு தடவையும் படத்தை நிறுத்தித் தேட வேண்டியிருக்காது.